அவரவர் ஓட்டு

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்தவள் குளோரி. மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைக்க, பதினான்கு பெண்கள் அவளிடம் வேலை செய்தார்கள். சரக்கு முழுவதையும் நாகர்கோவில் மொத்த வியாபாரி ஆறுமுகப்பெருமாள் எடுத்துக்கொள்வார்.

முதல் பொதுத்தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் அவர் வந்தார்.

"நம்ம ஆளுக்கு ஓட்டுப் போடச் சொல்லிரு. போடாதவளுக்கு வேலை கிடையாதுன்னும் சொல்லு."

"நான் கூலி குடுக்குறது மீன் கீறதுக்கு, அண்ணாச்சி. அவளுக ஓட்டு எனக்க சரக்கு இல்ல."

"அப்போ ஒனக்க சரக்கும் எனக்கு வேண்டாம்."

தேர்தலன்று குளோரி கிடங்கைப் பூட்டி, எல்லோருக்கும் கூலியோடு விடுப்பு கொடுத்தாள். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

ஆறுமுகப்பெருமாள் சொன்னபடியே அவளிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். மற்ற வியாபாரிகளும் அவருக்குப் பயந்து ஒதுங்கினார்கள். அதன்பின் அவளே கூடை சுமந்து, ஏழெட்டு மைல் நடந்து, வடசேரிச் சந்தையில் சில்லறையாக விற்றாள். வேலை குறைந்ததால் ஆறு பெண்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. செய்தது சரிதானா என்று நடக்கும்போதெல்லாம் யோசிப்பாள்.

ஒரு காலையில், கிடங்கில் மிஞ்சியிருந்தவர்களில் ஒருத்தியான விக்டோரியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, அண்ணைக்கு நான் அண்ணாச்சி சொன்ன ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருந்து."

குளோரி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

"அது ஒனக்க இஷ்டம், மக்கா. நேரமாவுது, கூடையைத் தூக்கி விடு."