பத்தரைக்கு முன்னே இறங்கிய ஃபைல்

வேப்பம்பட்டு வினோதாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தின்பண்டக் கம்பெனியில் வேலை. பாக்கெட் உறைகளின் டிசைன்களை அச்சகங்களுக்கு அனுப்புவாள். அனுப்புவது பெரிய வித்தை இல்லை, பொத்தானை அழுத்தினால் போய்விடும். போன ஃபைலை யார் திறந்தார், யார் இறக்கினார் என்று கம்பெனியின் சாஃப்ட்வேர் வரிவரியாகக் காட்டும். அதைப் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். கல்யாணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வினோதா அந்தக் காத்திருப்புக்கே சம்பளம் வாங்குகிறாள்.

அவளுக்குப் பிடித்த ஆள், எளாவூரில் அச்சகம் வைத்திருக்கும் ராஜமாணிக்கம். மற்றவர்களைப் போல அவரை நச்சரிக்க வேண்டாம். அதுவும் வெள்ளிக்கிழமையென்றால் பத்தேகாலுக்குள் ஃபைலை இறக்கிவிடுவார். என்ன சுறுசுறுப்பு என்று மெச்சிக்கொள்வாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல அவர் இறக்கிய பிறகுதான் பார்த்தாள். புது முறுக்கு உறையில் ‘வேர்க்கடலை கலந்தது’ என்ற வரியைக் காணோம். சரிபார்த்து அனுப்பியவள் அவளேதான். கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தை அந்த முறுக்கைக் கடித்தால் என்ன ஆகும்? அவசரமாகத் திருத்திப் புது ஃபைலை ஏற்றினாள். பழையது இறங்கிவிட்டது, புதியதை யாரும் திறக்கவில்லை என்றது திரை. போன் அடித்தாள். எடுப்பார் இல்லை.

மேனேஜர் ஹேமநாத்திடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டை நோக்கி லாரிகள் அனுமார் வால்போல நின்றன. சந்துபொந்தெல்லாம் நுழைந்து அச்சகத்தை அடைந்தபோது மெஷின் சத்தமே இல்லை. ராஜமாணிக்கம் மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, இவ்ளோ தூரம்?”

“போனை எடுக்க மாட்டீங்களாண்ணா? அச்சடிச்சிட்டீங்களா?”

“ராவு காலத்துல எவன் மெஷினப் போடுவான்? போனும் எடுக்க மாட்டேன். அதான் பத்தரைக்கு முன்னாடியே நல்ல நேரத்துல ஃபைல எறக்கி வச்சிக்கினேன். பன்னெண்டு அடிச்சா ஓட்ட வேண்டியதுதான்.”

இத்தனை நாள் மெச்சிய சுறுசுறுப்பின் லட்சணம் இதுதானா? வினோதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

“பழச அழிச்சிட்டு புதுச எறக்குங்கண்ணா.”

“அழிச்சிட்றேன். புதுச பன்னெண்டுக்கு மேல எறக்கிக்கிறேன். பேஜாராவாத, டீ சாப்புடு.”

டீ வந்தது. அவள் தொடவில்லை. ‘யாரும் திறக்கவில்லை’ என்ற வரியையே செல்லில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“கொழந்தைங்க துன்ற பொருளு,” என்று முனகினார். சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மவுஸை அழுத்தினார். அச்சகம் வைத்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

“ஒன் செல்லுல வந்துச்சா பாரும்மா.”

“வந்துச்சிண்ணா,” என்றாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

இப்போது அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் எளாவூர் ஃபைலைக் காலையெல்லாம் வரிவரியாகச் சரிபார்ப்பாள். பன்னிரண்டு அடித்த பிறகுதான் ஏற்றுவாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஹேமநாத் கேட்டால், “சர்வர் ஸ்லோ சார்,” என்பாள்.