சாரம் எதனால் ஆனது?

உடலுக்குள் வைக்கும் பொருள் எதனால் ஆனது என்று நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இது விதி. தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் மருத்துவமனை ஒன்றில் என்னிடம் நீட்டிய தாளில் 'இயற்கைப் பொருள்' என்று மட்டும் இருந்தது.

ஸ்கூட்டர் விபத்தில் என் சிறுநீர்க்குழாய் கிழிந்திருந்தது. வயிற்றில் ரப்பர் குழாய், கையில் சிறுநீர் சேரும் பை. பக்கத்துக் கட்டிலில் அதே கோலத்தில் சைதாப்பேட்டைத் தையல்காரர் காதர் பாய். டாக்டர் நனைந்த அப்பளம் போல ஒன்றைக் காட்டினார்.

"இது கட்டடத்துக்குக் கட்டற சாரம் மாதிரி சார். இதைப் பிடிச்சுண்டு உங்க சதை வளரும். அப்புறம் இது கரைஞ்சிடும்."

எனக்கு வியப்புத் தாங்கவில்லை. "எதுலேர்ந்து எடுத்தது?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அதைத் தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்.

"மாடுன்னா உங்களுக்கு வம்பு, பன்னின்னா எனக்கு வம்பு," என்றார் பாய். "இன்னான்னு தெரியாம உள்ள வுடமாட்டேன் சார்."

பதில் வரவில்லை. பையோடு காத்திருந்து அலுத்த பிறகு, டாக்டர் எங்கள் உள்கன்னத்துச் சவ்வையே வெட்டியெடுத்து இருவர் குழாயையும் சரிசெய்தார்.

"நம்ம வாய்லயே சரக்கு கீதுன்னு மொதல்லயே சொல்றதுக்கின்னா டாக்டர்?" என்று வீங்கிய கன்னத்தோடு கேட்டார் பாய்.

சர்க்கார் உத்தியோகக் காலம் முழுக்க நான் கோப்புகளில் கேள்வி எழுதியது, அவை அடுத்த மேஜைக்குப் போகட்டும் என்றுதான். விடை தெரிய ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

பன்றிக்குடல் என்று கம்பெனியின் பதில் வந்தபோது, பாய் கொடுத்தனுப்பிய சேமியா பாயசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று ரம்ஜான்.