கஸ்பருக்குக் காது நன்றாகக் கேட்கும்

காலை ஐந்து மணிக்கு ஸ்டோர் டெலிபோனில் வந்த செய்தி என் வாசலுக்கு ஒன்பதரைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கஸ்பர். நுவரெலியா ஆஸ்பத்திரியில் என் தங்கை சுகிர்தத்துக்கு மோசம், உடனே வரவும் என்பது செய்தி. கந்தப்பளையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் உயிரோடு பார்த்திருப்பேன். எட்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தாளாம்.

கஸ்பர் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபாக்டரியில், கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் மெஷினை ஓட்டுபவர். மெஷின் எழுப்பும் சத்தத்தை வைத்தே உள்ளே கொழுந்து கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். அது கொழுந்து குவியும் மாதம். இரவு மாற்றி நிற்கும் ஜோடி ஆள் காய்ச்சலில் விழ, தொடர்ந்து ஏழு இரவும் இவரே நின்றார். பகலில் படுத்தால் தொழிலாளர் லயத்து அறையில் கைக்குழந்தை அழும்.

ஐந்தாம் நாளே யாரும் கூப்பிடாமல் "வர்றேன், வர்றேன்" என்று எழுந்து போயிருக்கிறார். "யாருண்ணே கூப்பிட்டது, மாதாவா?" என்று இலை பொறுக்கும் அந்தோனியம்மா கேலி செய்தாளாம். "ஒன்னைய இல்லல்ல, சும்மா இரு" என்றாராம் இவர்.

செய்தி வந்த அன்று நடந்ததைத் தோட்டப் பள்ளி வாத்தியாரான என்னிடம் அவர் ஒளிக்கவில்லை. "சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு மாஸ்டர். சரின்னும் சொன்னேன். ஒங்க வீட்டுக்குத்தான் நடந்தேன். பாதி வழியில ரோலரு கத்துச்சு, திரும்பி ஓடுனேன். அது நின்னுக்கிட்டு இருக்கு. கைய வச்சுப் பாத்தேன், சில்லுனு இருக்கு. அப்புறம் எதுக்கு வெளிய போனேன்னு ஒம்பது மணிவரைக்கும் நெனப்பே வரலைங்க."

அடக்கம் முடிந்த மறுநாள், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கணேசமூர்த்தியிடம் கஸ்பர் போயிருக்கிறார். டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க, டிஸ்பென்சர் தன் கைக்கடிகாரத்தைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போனார். சுவரில் முதுகு இடித்த பிறகும் கஸ்பருக்குக் கேட்டது.

"காது சுத்தமா இருக்குப்பா. தூங்காத மூளையில கேட்டது தங்காது. கேக்காதது கேக்கும்."

"செவிடுன்னு எழுதிக் குடுங்கய்யா. மாஸ்டருகிட்ட காட்டணும்."

டிஸ்பென்சர் எழுதித் தரவில்லை. தந்திருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்கும். நல்ல காதுள்ள மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது, எப்படிக் கோபப்படாமல் இருப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஏழு இரவு ஒருவரையே நிற்கவைத்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லறையில் தங்கையின் பேரைத் தானே எழுதுகிறேன் என்று கஸ்பர் கேட்டுக்கொண்டார். நேற்று ஞாயிறு. தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடும் கறுப்பு மையும் தூரிகையும் கொண்டு காலையிலேயே போய்விட்டார். மதியம் நான் போனபோது மரச்சிலுவையில் தலை சாய்த்து, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்து, எழுப்பாமல் எதிரில் உட்கார்ந்தேன். சிலுவையில் 'சுகிர்' வரைதான் எழுதியிருந்தது.