கமிஷனர் வருகிறார் என்று கோரை அறுத்தோம்

பக்கத்து வீட்டு அக்கா கேஸ் போட்ட விஷயத்தை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னபோது நான் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டில் இட்லி மாவு அரைத்து, கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருக்கும் ஃபிளாட்டுகளுக்குக் கொடுப்பது என் தொழில். கையெல்லாம் மாவு.

"மனை போட்டுகினு கீறானே, அவன் மேல போட்டுட்டேன். கோர்ட்ல எடுத்துக்கினாங்க," என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னாக்கா நீ? வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கினியே."

"ஓணான் போன மழைக்கே வூட்டுக்குள்ள வந்துட்ச்சி மா. நான் இன்னா புதுசா எடுத்து வுட்டேன்?"

அவர் சொன்னது மெய்.

எங்கள் தெரு நெம்மேலிக்குத் தெற்கே, சாலைக்கும் கழிக்கும் நடுவே இருக்கிறது. கழி என்றால் கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கும் சதுப்பு. கோடையில் மேலே காய்ந்து கிடக்கும். ஐப்பசி வந்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். தெருவில் பெய்கிற மழையெல்லாம் கோடியில் இருக்கும் ஒரு வாய்க்கால் வழியாக அதில்தான் போய் விழும். மனை போடுகிறவர்கள் லாரி லாரியாகக் கிராவல் கொண்டு வந்து கழியின் ஒரு பக்கத்தைத் தூர்த்தார்கள். வாய்க்காலும் அதோடு போயிற்று. மஞ்சள் பூசிய கல் நட்டு, கலர் கொடி கட்டி, வாசலில் ஒரு வளைவும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்து பிரியாணி போட்டு இடம் காட்டினார்கள். கடல் காற்றைப் பற்றி நிறையப் பேசினார்கள். கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அக்கா வீடுதான் தெருவில் கடைசி, பள்ளமும் அதுதான். அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. என் வீட்டுக்கு நாங்கள் கடைக்கால் தூக்கிக் கட்டிக்கொண்டோம். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரும்புக் கட்டிலில் படுத்தபின் பேச்சு போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "போலாம்." பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம். எந்தப் போலாமுக்கு எது அர்த்தம் என்று அக்காவுக்குத்தான் தெரியும். அக்காவும் அதே மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறார்; காலையில் கம்பெனி பஸ் சாலைக்கு வந்து ஏற்றிக்கொள்ளும்.

போன மழையில் தண்ணீர் கட்டில் காலில் ஏறியபோது என் வீட்டுக்காரரும் தெரு ஆட்களும் மாமாவைக் கட்டிலோடு தூக்கி எங்கள் மாடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். முழங்கால் தண்ணீரில் அவர்கள் தடுமாறி நடக்க, மாமா மேலே படுத்துக்கொண்டு "போலாம், போலாம்" என்று ரூட் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். மாடிப்படியில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் மழை பெய்த இரவெல்லாம் அவர் வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டார்ச் லைட்டோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனார். அவர் கேஸ் போட்டது பறவைக்காகவோ மீனுக்காகவோ என்று பிற்பாடு சிலர் பெருமையாகப் பேசினார்கள். அதெல்லாம் இல்லை. அடுத்த மழைக்கு மாமா படுத்திருக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனைக்காரர்களின் ஆள் ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கேஸை வாபஸ் வாங்கினால் மேடு பண்ணிய பக்கத்திலேயே ஒரு மனை தருவதாகச் சொன்னார். நான் மதில் ஓரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க நான் என்ன செவிடா?

"எனக்கு மேட்டுல குடுத்துட்டா, அந்தத் தண்ணி இவ வூட்டுக்குல்ல போவும்?" என்று அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "போய்ட்டு வா சார். ஸ்வீட்ட மட்டும் வெச்சிட்டுப் போ, அது இன்னா பண்ணுச்சி."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. என் கூடப் பிறந்தவர்கள்கூட என் வீட்டுக்காக இப்படிப் பேசியது கிடையாது.

இத்தனைக்கும் தெருவில் அப்போது யாரும் அவர் பக்கம் இல்லை. முன் வரிசையில் இருக்கிற எங்கள் ஜனம் பயிர் வைத்த குடும்பங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், பின் வரிசையில் அக்காவின் ஜனம். அவர்களுடைய அப்பாக்கள் எங்கள் வயலில் கூலிக்கு வந்தவர்கள். இன்று வயலும் இல்லை, கூலியும் இல்லை. எல்லாரும் டிரைவர், நர்ஸ், கம்பெனி என்று போய்விட்டார்கள். ஆனாலும் 'அந்தப் பக்கம்', 'இந்தப் பக்கம்' என்ற பேச்சு மட்டும் போகவில்லை. டெம்போ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மாமாவைத் தோளில் சுமந்தவர்தான். அக்காவை மட்டும் 'கடைசி வூட்டம்மா' என்றுதான் சொல்வார். மனை வந்தால் நம் இடத்துக்கும் விலை ஏறும் என்ற நினைப்பு வேறு எல்லாருக்கும். இந்தம்மாவுக்கு ஏன் இந்தப் பேஜாரு என்றார்கள்.

அவர்களை மாற்றியது அக்காவின் வாய்தாக்கள். வாய்தா நாளில் ஷிஃப்டை விட்டுச் சென்னைக்குப் போய், சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவார். டீக்கடையில் நின்று, ஜட்ஜ் என்ன கேட்டார், எதிர் வக்கீல் என்ன சொன்னார், தான் முழித்தது எங்கே என்று ஒன்று விடாமல் சொல்வார். எதிர் வக்கீல் மாதிரி கண்ணாடியை ஏற்றிக் காட்டுவார். முதலில் சிரிக்க வந்தார்கள். பிறகு அவர் பஸ் லேட்டானால் கவலைப்பட ஆரம்பித்தார்கள். சித்திரை மாதம் வந்தபோது கேஸ் தெருவின் கேஸாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் சேதி வந்தது: கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டிருக்கிறது, அவர் நேரில் வந்து இது சதுப்பா, வெறும் தரையா என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்.

நம் ஜனத்துக்கு வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் ஒன்றுதான் தெரியும். கமிஷனர் வருவதற்கு முதல் நாள் அக்கா வேலைக்குப் போனதும் தெரு மொத்தமும் இறங்கிவிட்டது. இன்னும் தூர்க்காமல் மிச்சமிருந்த கழிப்பக்கம் ஆள் உயரம் நின்ற கோரையை அறுத்துத் தள்ளினார்கள். நீர்க்கோழி முட்டை வைத்திருந்த ஒரு புதரை மட்டும் பாவம் என்று விட்டார்கள். மேலே காய்ந்து தெரிந்தாலும் காலை வைத்தால் கணுக்கால் இறங்கும் என்பதால், என் வீட்டுக்காரர் டெம்போவில் கிராவல் கொண்டுவந்து கொட்ட, எல்லாரும் பரப்பி மிதித்துச் சமன் பண்ணினார்கள். பந்தல் போட்டு, இளநீர் வாங்கி வைத்தார்கள்; மறுநாள் காலை நாஸ்தாவுக்கு மாவு என் பொறுப்பு என்று முடிவானது. இந்தப் பக்கத்து ஆண்கள் அந்தப் பக்கத்துச் சேற்றில் குனிந்து நின்றதை நான் கல்யாணமாகி வந்த நாளாகப் பார்த்ததில்லை.

சாயந்திரம் அக்கா வந்தார். தெருக்கோடியில் நின்று பார்த்தார்.

"எப்டிக்கா கீது?" என்றேன்.

டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாக, "நம்ம கேஸு வக்கீலம்மா எதையும் தொடாதேன்னு சொல்லி அனுப்பிச்சிது மா. தண்ணி நிக்கிற எடம்னு காட்டத்தானே அவுங்கள வர சொன்னோம்," என்றார்.

கோரை இருந்த இடம் மழித்த தலை போல் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஒருவர், "ஏம்மா, இத்த முன்னமே சொல்றதில்லையா?" என்று அக்கா மேலேயே பாய்ந்தார்.

"இன்னான்னு சொல்றது? எனக்காக நீங்க வந்து கோரை அறுப்பீங்கன்னு நான் கனா கண்டேனா?"

அக்கா குனிந்து அறுத்த கோரையில் ஒரு கைப்பிடி எடுத்தார். "எங்கப்பா உங்க வூட்டுக் களத்துக்கு அறுத்தாரு. எங்க வூட்டுக்குன்னு யாரும் அறுத்தது இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கமிஷனர் அம்மா வந்தார். நல்ல வெயில். மனைக்காரர்களின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "பாருங்க மேடம், கட்டாந்தரை. கார்கூட நிறுத்தலாம். இதைப் போய் சதுப்புன்னு சொல்றாங்க."

கமிஷனர் குனிந்து எழுதிக்கொண்டார். காலால் கிராவலைத் தள்ளிப் பார்த்தார். "இது புதுசா இருக்கே. யார் போட்டது?"

மனைக்காரன் போட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் நம்புவார்கள். நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார்.

"நான்தான் மேடம்."

"ஏன் போட்டீங்க?"

"அக்கா வூட்டுக்கு வர்றவங்க கால்ல சேறு படக் கூடாதுன்னு."

அக்கா என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கே அப்படி இருந்தது என்றால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? தலையைக் குனிந்துகொண்டார்.

கமிஷனர் பேனாவை நிறுத்தி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சேறா? இந்த வெயில்லயா? எங்க இருக்கு, காட்டுங்க."

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மண்வெட்டி எடுத்து வந்தார். முதல் நாள் மிதித்துச் சமன் பண்ணிய ஆட்களே கூட நின்று வழித்துத் தள்ளினார்கள். கிராவல் போனது, கறுப்புச் சேறு வந்தது. இன்னும் ஒரு வெட்டுக்குக் கீழே தண்ணீர் ஊறிக் குழி நிறைந்தது. கமிஷனர் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, "உப்பு," என்றார். விட்டு வைத்திருந்த கோரைப் புதரையும் நீர்க்கோழியையும் போட்டோ எடுத்துக்கொண்டார். எதிர் வக்கீல் இளநீர்கூடக் குடிக்காமல் போனார். நஷ்டம் அவருக்குத்தான்.

கேஸ் இன்னும் முடியவில்லை, முடிகிறபோது முடியட்டும். ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு, மேற்கொண்டு தூர்க்கக் கூடாது, மூடின வாய்க்காலை உடனே திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆடி மாதத்தில் அவர்களுடைய ஜேசிபியே வந்து திறந்துவிட்டது. அறுத்த கோரை அதற்குள் இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் சாயந்திரம் பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. மாமாவைத் தூக்க வேண்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் முன்னால் ஓடினேன். தெருத் தண்ணீர் சலசலவென்று கோடிக்குப் போய், திரும்பி, வாய்க்காலில் இறங்கிக் கழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் வாசற்படி நனைந்திருந்தது மழையில் மட்டும்தான். நாற்காலி காலியாகக் கிடந்தது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். மாமா விழித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், அசைகிற ஒரு கையை மெல்லத் தூக்கி, உள்ளே வராதே என்பது போல் காட்டினார். கட்டிலுக்குக் கீழே, காய்ந்த தரையில் பாய் போட்டு, வாய் திறந்தபடி அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். கூரையில் மழை அப்படிக் கொட்டுகிறது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாலையில் கம்பெனி பஸ் நின்று அவருக்காக இரண்டு முறை ஹாரன் அடித்தது. நாங்கள் யாரும் எழுப்பவில்லை. அது போய்விட்டது.