தம்பி படித்த சட்டமும் என் ஜீப்பும்

தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்களுக்கும், தம்பியின் சட்டக் கல்லூரித் தோழர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மார்களுக்கும் மூத்தவனின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்துப் பிழையை அச்சகத்தார் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தவரை தம்பியை வாடா போடா என்றே பேசினேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது ராசிங்காபுரத்தில், எனக்குப் பதினாறு வருடம் கழித்து. அவர் நடை பழகும் முன்பே அப்பா போய்விட்டார். நான் போடியில் ஏலக்காய் மூட்டை சுமந்தேன். பிறகு ஜீப்பு ஓட்டினேன். பிறகு ஐந்து ஜீப்புக்கு முதலாளி ஆனேன். குரங்கணிக்கு மேலே தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோரும் என் கையால் உண்டானவை. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. தம்பியை மதுரையில் சட்டக் கல்லூரியில் சேர்த்ததும் நானே. நம் குடும்பத்தின் முதல் வக்கீல் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் வருடம் விடுமுறைக்கு வந்தவர் கேட்டார்: “அண்ணே, எங்க காலேஜ்ல இருந்து ஊர் ஊரா சட்ட உதவி முகாம் போடுறோம். சனங்க குறையக் கேட்டு எழுதிக்கிட்டு, கோர்ட்டுல தீருமான்னு பாக்குறது. குரங்கணியில ஒண்ணு போடலாமாண்ணே?”

“உன் காலேஜே என்னையத் தேடி வருதா! நீ பேசாம இரு. பந்தல், சாப்பாடு, கூட்டம் எல்லாம் என் சோலி.”

நம் பக்கம் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேடை போடுகிறவன் ஜீப்பு அனுப்ப வேண்டும். காய் எடுக்கிற பெண்களை, வேலைக்கு ஏற்றுகிற மாதிரியே, ஜீப்புக்கு இருபது பேர் என்று அடைத்துக் கொண்டுவந்து இறக்கினேன். பந்தல் முகப்பில் நான் கைகூப்பி நிற்கிற பேனர், ஆள் உயரத்துக்கு.

பேராசிரியர், “உங்க குறையைச் சொல்லுங்கம்மா” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. வந்த பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. நானே எழுந்து, “சொல்லுங்காத்தா, நான் இருக்கேன்ல, என்ன பயம்?” என்றேன்.

என் தோட்டத்தில் வேலை பார்த்த பேச்சி எழுந்தார். “மொதலாளியே சொல்லிட்டாக, சொல்றேன். இந்தக் கூட்டத்துக்கே கோழிய அடைக்கிற மாதிரி அடைச்சுத்தேன் கொண்டாந்தாக. போன மாசம் எம்மக அந்த ஜீப்புல தொங்கிக்கிட்டு வந்து, வளைவுல விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்கா. எழுதிக்கங்கப்பு.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து பெண்கள் ஜீப்பில் தொற்றி ஏறியதைப் படமும் எடுத்தார்கள். படத்தில் என் ஜீப்பு, தொங்குகிற பெண்கள், பின்னால் பேனரில் சிரிக்கிற நான். பேச்சியின் பெயரில் தம்பியும் தோழர்களும் தயார் செய்த வழக்கில் அந்தப் படம்தான் முதல் சாட்சி.

நோட்டீஸ் வந்த அன்றே மதுரைக்குப் போனேன். விடுதியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சோறு போட்டவன் மேலயே கேஸாடா?”

“உங்களப் பழிவாங்கப் போட்டதில்லண்ணே.”

“போட்டாவுல இருக்குறது எவன் மூஞ்சிடா?”

“உங்க மூஞ்சிதேன். பேனர் நீங்க வச்சதுண்ணே.”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை விட்டுவிட்டுத் தம்பியை அறைந்தேன். தட்டு உருண்டு போனது. அவருடைய பெட்டியைத் தூக்கி ஜீப்பில் போட்டேன். “புத்தகத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்கண்ணே” என்று வாசல் வரை பின்னாலேயே வந்தார். கொடுக்கவில்லை. அத்தனையையும் ஸ்டோர் அடுப்பில் போட்டேன். அன்று ஏலக்காய் நிறம் மங்காமல் நல்ல பச்சையாகக் காய்ந்தது. எரித்ததில் பாதி கல்லூரி நூலகத்துப் புத்தகம் என்று பிற்பாடு தெரிந்தது. தோழர்கள் ஆளுக்கொரு பாடத்தைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்தே தம்பி தேறினார்.

கறுப்புக் கோட்டோடு என் காலில் விழ வந்தார். வாசலிலேயே நிறுத்தினேன். “கேஸ வாபஸ் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் உன் வாசல நான் மிதிக்க மாட்டேன், என் வாசல நீ மிதிக்காத.” பன்னிரண்டு வருடம் அப்படியே போனது. நான் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியும்.

அந்த வழக்கை வக்கீலாகத் தம்பியே நடத்தினார். ஞாயிறுதோறும் மலைக்குப் போய்ப் பெண்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஜீப்புக்கு எட்டுப் பேரு. ஒம்பதாவது ஆள ஏத்துனா எட்டுப் பேரும் எறங்கிருங்க.” இறங்கினார்கள். இறங்கியவர்களை நான் வேலையை விட்டு நிறுத்தினேன். முதலில் பேச்சியை.

ஈரல் கெட்டுத் தம்பி படுத்துவிட்டார். மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பியின் மனைவி போன் செய்தார்: “உங்களத்தேன் கேட்டுக்கிட்டே இருக்காக. வெரசா வாங்க மாமா.” போனேன். வாசலில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டேன்: “வாபஸ் வாங்குறேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, உள்ள வர்றேன்.”

உள்ளே போன அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். “கேஸப் பத்திப் பேச வேணாமாம். ஜீப்புல எத்தன பேர ஏத்திக்கிட்டு வந்திருக்காகன்னு மட்டும் கேட்டுட்டு, உள்ள கூட்டியான்னாக. சொல்லிட்டுச் சிரிச்சாக மாமா.”

சாகக் கிடக்கிறவர் என்னைக் கேலி செய்கிறார் என்று ஜீப்பைத் திருப்பினேன். மறுநாள் காலையில் தம்பி போய்விட்டார். என்னைக் கூப்பிட அதுதான் அவருக்குத் தெரிந்த வழி என்று இப்போது தெரிகிறது.

உடலை எடுக்கும் நேரத்துக்குக் குரங்கணியில் முப்பது பெண்கள் காத்திருப்பதாகச் செய்தி வந்தது. மற்ற நாலும் வெளியூர் போயிருக்க, நான் வந்த ஜீப்பை அனுப்பினேன். எட்டுப் பேரோடு திரும்பியது. “மத்தவுக ஏற மாட்டேங்குறாகண்ணே” என்றார் டிரைவர். “வெயில் ஏறுது, தூக்குங்கப்பா” என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் பாடையின் முன்னால் நின்றுகொண்டேன். ஜீப்பு நாலு நடை போய் வரும்வரை யாரையும் தொட விடவில்லை.

கடைசி நடையில் வந்த பேச்சி தம்பியைப் பார்த்து அழுது முடித்து, என் பக்கம் திரும்பினார். “மொதலாளி, உம்ம ஜீப்புல இன்னைக்குத்தேன் உக்காந்து வந்தேன்.”

பாடையின் முன்னாலிருந்து விலகி வழிவிட்டேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தம்பியின் தோழர்கள் நடத்துகிறார்கள்.

நோயில் உடனிருந்த தோழர்களுக்கும், வெயிலில் காத்து நின்ற உறவினர்களுக்கும், நாலு நடை ஓட்டிய டிரைவருக்கும், அந்த முப்பது தாய்மார்களுக்கும் குடும்பத்தின் நன்றி. உதவியவர்கள் பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம் என்று தம்பியின் மனைவி சொன்னார். சேர்க்கவில்லை.