கறுப்பு மை பூசிய ஊர்ப் பலகை

மகள் அனுப்பிய படம் கணினியில் மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. முதலில் வானம், பிறகு மலை, பிறகு ஓர் ஊர்ப் பெயர்ப்பலகை. பலகைக்குப் பக்கத்தில் முதுகில் பையோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே இருந்த நீளமான பெயரின்மேல் யாரோ கறுப்பு மை பூசியிருந்தார்கள்.

அப்போதுதான் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடிந்து நோர்வேயில் வெஸ்ட்லியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மே மாதம், வெளியே நல்ல வெளிச்சம். எனக்குக் கால் இரண்டும் மரத்துப்போய்க் கிடந்தன.

பள்ளிக்கூடம் முடித்து, ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் ஒரு நோர்வே சிநேகிதியோடு புறப்பட்டவள் அவள். பிரான்சில் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஸ்பெயினிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதையாம். “நாங்கள் சைவம், உனக்கென்ன அந்தக் கோயிலிலை?” என்று கேட்டேன். “நீங்கள் மடு மாதா கோயிலுக்குப் போகேல்லையோ?” என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிரெஞ்சும் தெரியாது, ஸ்பானிசும் தெரியாது. ஆனால் அந்தப் பலகையை என்னால் வாசிக்க முடிந்தது. எங்கள் நாட்டில் முதலில் பெயர்ப்பலகை எழுத்தில்தான் தார் பூசினார்கள். பிறகு கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு நடந்தவற்றால்தான் நாங்கள் இந்தக் குளிருக்குள் இருக்கிறோம்.

“உமக்கு எங்கை பாத்தாலும் ஆமிதான்” என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். பூசாமல் விட்ட பெயரை இருவரும் எழுத்துக் கூட்டினோம். தோனிபானே கராசி. பிள்ளையின் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை.

“புத்தகத்திலை இல்லாத ஊருக்கோ பிள்ளையை விட்டனாங்கள்?” என்று இப்போது அவர் கேட்டார்.

டெலிபோன் கார்டின் இலக்கத்தைச் சுரண்டி மகளுக்கு அழைப்பு எடுத்தேன்.

“அம்மா, அது பாஸ்க் பேர். இந்த ஊருக்கு இஞ்சத்தச் சனத்தின்ரை பாசையிலை உள்ள பேர். மற்றது பிரெஞ்சு.”

“மை பூசினது ஆர்?”

“எனக்கென்னண்டு தெரியும்?”

“ஆமி நிக்குதோ?”

“ஆமியோ? கிழவன் கிழவியள்தான் தடியோடை நிக்கினம், நாளைக்கு மலை ஏற. ஒரு பொலிஸ்காரன் ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு நிண்டவன்.”

“பகிடி விடாதை. நீ ஏற வேண்டாம். திரும்பி வா.”

அவள், “பொறுங்கோ, நான் தங்கிற வீட்டு அம்மாவைக் கேக்கிறன்” என்று போனாள். தூரத்தில் ஒரு முதிய பெண்ணின் குரல் நீளமாகக் கேட்டது, நடுவில் ஒரு சிரிப்பும்.

“அவ சின்னனிலை பள்ளிக்கூடத்திலை தங்கடை பாசை கதைச்சால் தண்டனையாம். இப்ப இஞ்சத்தப் பொடியள் போய் பிரெஞ்சுப் பேருக்கு மை பூசுறவங்களாம். நகரசபை ஆக்கள் வந்து துடைப்பினமாம். இவங்கள் திரும்பப் பூசுவாங்களாம்.”

“துடைக்கிறதோ? அவ்வளவுதானோ?”

“இஞ்சை அவ்வளவுதானாம். மலைக்கு அங்காலை முந்திக் குண்டும் வெடிச்சதாம். அதையும் சொன்னவ.”

அதை ஏன் எனக்குச் சொன்னாள் என்று கோபம் வந்தது. மறைக்கத் தெரியாத பிள்ளை. கணவர் கையை நீட்டினார். நான் ரிசீவரைக் கொடுக்கவில்லை.

“அம்மா, நீங்கள் வா எண்டால் வாறன். விளையாட்டுக்குச் சொல்லேல்லை. இவள் சிநேகிதிக்கும் சொல்லிப்போட்டன், அம்மா சொன்னால் நான் போகவேணும் எண்டு.”

வா என்ற சொல் வாயில் இருந்தது. சொன்னால் வந்திருப்பாள். வந்து, என்னைக் குறை சொல்லாமல், இந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு திரிந்திருப்பாள். பயப்படுவதற்கும் உடம்பில் பலம் வேண்டும். அன்றைக்கு எனக்கு அது போதவில்லை. துணிவு வந்தது என்று சொன்னால் பொய். களைத்துப்போனேன் என்பதுதான் சரி.

“மலையிலை குளிருமெல்லோ,” என்றேன். “சுவெற்றரைப் பைக்கு அடியிலை வையாதை. மேலை வை.”

“ஓம் அம்மா” என்றாள்.

மறுநாள் வேலையில் ஒரே தாழ்வாரத்தை இரண்டு தரம் துடைத்திருக்கிறேன். அங்கிருந்த தாதி சொல்லித்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கைபேசி அதிர்ந்தது. மலையைக் கடந்து அங்காலைப் பக்கம் வந்துவிட்டாளாம், காலில் கொப்புளமாம். அந்த ஊருக்கும் இரண்டு பெயராம்.

இந்தமுறை பலகையைப் படம் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள்.