அக்காவின்ர டொக்டரை நான் விசாரிச்சது

அக்காவுக்கு வருத்தம் எண்டு கண்டுபிடிச்ச கிழமை எங்கட ஆக்கள் அவவின்ர டொக்டரைப் பற்றி விசாரிச்சதைக் கேட்டிருந்தால், அந்த மனுசனுக்கு ஆரோ பொம்பிளை பாக்கினம் எண்டுதான் நினைச்சிருப்பியள். எந்த ஊர், தகப்பன் என்ன உத்தியோகம், எந்தக் கல்லூரியில படிச்சவர், தாய் எங்கத்தைய ஆள், கோயிலுக்கு வாறவரோ. கனடாவில இருக்கிற மச்சாள், என்ர மனுசன்ர தங்கச்சி, ரெண்டே நாளில முழு விபரமும் எடுத்துப்போட்டா. "நல்ல குடும்பம். தங்கமான மனுசன். எங்கட ஆள்தான், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" எண்டு குடும்ப வட்ஸப்பில ஒரு நீளக் குரல்பதிவு. அதுக்குக் கீழ எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற படத்தைப் போட்டினம்.

நான் போடேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அக்காவுக்கு வந்திருக்கிறது எலும்புக்குள்ள இருக்கிற மச்சையில தொடங்கிற ஒரு ரத்தப் புற்றுநோய். எல்லாருக்கும் வாறதில்லை. அந்த வருத்தத்தை அவர் எத்தனை பேரில பாத்திருக்கிறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. தகப்பன் தபாற்கந்தோரில இருந்தவர் எண்டு மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயசு மூத்தவ. அவவின்ர மனுசன், எங்கட அத்தார், செத்தாப்பிறகு நியூ ஜெர்சியில தனிய இருக்கிறா. நான் இருக்கிறது டென்மார்க்கில, பிராண்டேயில. காத்தாலைக்கு இறக்கை செய்யிற ஃபக்டரியில எனக்கு வேலை. இறக்கை செய்து முடிச்சாப்பிறகு அதை லைட் அடிச்சுப் பாத்து, கையால தடவி, எங்கயாவது குமிழ் இருக்கோ, நெளிவு இருக்கோ எண்டு பிழை பிடிக்கிறது. பிடிச்சதை ஸ்கேமாவில, அதுதான் கட்டம் கட்டமா இருக்கிற அந்தப் படிவத்தில, ஒவ்வொண்டா எழுதவேணும். இருபத்தொரு வருசமா இதுதான் செய்யிறன். என்ர கைக்குத் தப்பி ஒரு பிழை வெளிய போனதெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சால், ஓம், பெருமைக்குத்தான் சொல்லுறன்.

ஆனா அக்காவுக்கு அது பெருமை இல்லை. அவவின்ர மகளின்ர கலியாணத்துக்கு நான் அமெரிக்கா போனபோது, "இது என்ர தங்கச்சி, டென்மார்க்கில எஞ்சினியர்" எண்டுதான் வந்த ஆக்களிட்டச் சொன்னா. ஒருத்தர் வந்து எந்தத் துறை எண்டு கேட்டார். நான் வாயில வடையை வைச்சுக்கொண்டு தலையை ஆட்டினன். ஒன்பது வருசமா அந்தக் கோபம் எனக்கு உள்ளுக்க கிடந்தது. கேட்டால் சண்டை வரும் எண்டு கேக்கேல்லை.

இப்ப சண்டை பிடிக்கிற நேரமும் இல்லை. "அக்கா, உந்த டொக்டரிட்ட உங்கட வருத்தம் வந்தாக்கள் எத்தனை பேர் வாறவை எண்டு கேட்டனீங்களோ?" எண்டன்.

"விசரே உனக்கு? டொக்டரிட்ட அப்பிடிக் கேக்கலாமே? என்ன நினைப்பார் அவர்? எங்கட ஆளடி."

"எங்கட ஆளெண்டால் கேக்க இன்னும் சுகம்தானே."

"வை போனை" எண்டா.

அக்கா கேக்கமாட்டா எண்டு விளங்கீற்றுது. சரி, நானே பாக்கிறன் எண்டு இறங்கினன். இஞ்ச டென்மார்க்கில நாங்கள் ஆஸ்பத்திரி டொக்டரைத் தேடித் திரியிறதில்லை. ஈ-பொக்ஸ் எண்ட மின்தபாலில கடிதம் வரும், மஞ்சள் சுகாதார அட்டையோட போய் நிண்டால் ஆரோ ஒருத்தர் கை தந்து கூட்டிக்கொண்டு போவார். அமெரிக்காவில அப்பிடி இல்லை. அறுபத்தஞ்சு தாண்டினாக்களுக்கு அரசாங்கம் மெடிகேர் எண்டு ஒரு காப்புறுதி குடுக்குது, அக்காவுக்கும் அதுதான். அந்த மெடிகேரில எந்த டொக்டர் என்ன வைத்தியம் எத்தனை பேருக்குச் செய்தவர் எண்டு ஒரு பட்டியலை அரசாங்கமே இணையத்தில போட்டு வைச்சிருக்கு. ஆரும் பாக்கலாம். பிராண்டேயில குசினி மேசையில இருந்துகொண்டு நானும் பாக்கலாம்.

ரெண்டு சனிக்கிழமை போச்சுது. என்ர இங்கிலீஷ் அரைகுறை. முதல் சனி அந்தக் கோப்பு திறக்கவே மாட்டன் எண்டு நிண்டது. என்ர மனுசன் வந்து எட்டிப் பாத்திட்டு, "இஞ்சேரும், உமக்கேன் இந்தக் கண்டறியாத வேலை? தங்கச்சிதான் எல்லாம் விசாரிச்சிட்டாளே" எண்டார். "உங்கட தங்கச்சி விசாரிச்சது மாப்பிள்ளையை. நான் விசாரிக்கிறது டொக்டரை" எண்டன். அவர் தேத்தண்ணி வைக்கப் போயிட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டியல் எனக்கு அந்நியமா இருக்கேல்லை. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு இலக்கம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு இலக்கம். எங்கட ஃபக்டரியிலயும் குமிழுக்கு ஒரு இலக்கம், கீறலுக்கு ஒரு இலக்கம். இலக்கத்தைக் கண்டு பயப்பிடுற ஆள் நான் இல்லை. டொக்டரின்ர பெயரைக் கண்டுபிடிச்சன். வரி வரியா இறங்கினன். மார்புப் புற்றுநோய் மருந்து இருந்தது, நிறையப் பேருக்குக் குடுத்திருக்கிறார். நுரையீரலுக்கு இருந்தது. இரும்புச்சத்து ஏத்திறது இருந்தது. அக்காவின்ர வருத்தத்துக்கெண்டே குடுக்கிற ஊசி ஒண்டு இருக்கு, அதின்ர இலக்கத்தை முதலே எழுதி வைச்சிருந்தனான். அந்த வரியைத் தேடினன். இல்லை. திருப்பியும் தேடினன். இல்லவே இல்லை.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தன். அங்க அப்ப காலமை.

"அக்கா, அந்த ஊசியை அவர் ஒருத்தருக்கும் போட்டதில்லை. ஒரு ஆளுக்கும் இல்லை. அரசாங்கத்தின்ர பட்டியலிலயே கிடக்கு. வியாழக்கிழமை அவரிட்டப் போகாதேங்கோ."

அந்த வியாழன்தான் வைத்தியம் தொடங்கிறதுக்கு நாள் குறிச்சிருந்தது. அக்கா, "இவ்வளவு நாளும் எனக்கு அந்த மனுசனிலதானடி நம்பிக்கை இருந்தது. அதையும் புடுங்கிப்போட்டாய். இனி நான் ஆரிட்டப் போறது?" எண்டா. அழுதா. அக்கா அழுது நான் கேட்டது அத்தாரின்ர செத்தவீட்டில மட்டும்தான்.

பின்னேரத்துக்குள்ள மச்சாளுக்கும் கதை போயிட்டுது. "பெரிய படிப்பாளி வந்திட்டா டென்மார்க்கில இருந்து" எண்டு வட்ஸப்பில வந்தது. நான் செய்தது சரியெண்டு அப்பவும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனன். என்னோட நிக்கிற டெனிஷ்காரன் ஒருத்தன், என்னைவிட வயசுக்கு மூத்தவன், நல்லவன், ஆனால் அவசரக்காரன். அவன் தந்த ஸ்கேமாவில ஒரு கட்டத்தில சைபர் போட்டிருந்தது, பிழை ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். "இந்த இடத்தைப் பாத்தனியோ?" எண்டு கேட்டன். "இல்லை, முதல் நாள் நிண்டவன் ஒண்டும் எழுதேல்லை, கட்டம் வெறுமையாக் கிடந்தது, அதுதான் சைபர் போட்டனான்" எண்டான். எனக்கு வந்ததே ஒரு கோபம். "வெறுங்கட்டம் சைபர் இல்லை எண்டு எத்தனை தரம் சொல்லுறது? வெறுமையா இருந்தால் உனக்குத் தெரியாது எண்டு அர்த்தம். தெரியாட்டி முடிவெடுக்காதை. அந்த ஆளிட்டப் போய்க் கேள்" எண்டு எனக்குத் தெரிஞ்ச டெனிஷ் முழுக்கப் பாவிச்சுப் பேசினன்.

பேசிக்கொண்டிருக்கேக்கயே வாய் நிண்டுபோச்சுது. அவன், "என்ன, சுகமில்லையோ?" எண்டு கேட்டான்.

ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்! இருபத்தொரு வருசமா ஊருக்கெல்லாம் சொல்லுற பாடத்தை, சொந்த அக்காவின்ர விசயத்தில நானே மறந்துபோனன். இடைவேளைக்குக் கன்டீனில ஒரு மூலையில இருந்து, அந்தப் பட்டியலோட சேத்துப் போட்டிருந்த விளக்கக் குறிப்பைப் போனில திறந்தன். சனிக்கிழமை அதைத் திறந்தும் பாக்கேல்லை, அவ்வளவு அவசரம். வடிவா எழுதியிருந்தது. ஒரு வைத்தியம் கொஞ்சப் பேருக்கு மட்டும் செய்திருந்தால், நோயாளியை ஆரும் அடையாளம் பிடிச்சிடுவினம் எண்டு அந்த வரியையே எடுத்துப்போடுவினமாம். வேற காப்புறுதிக்காரர் இதில வரவே மாட்டினமாம். பட்டியலும் பழைய வருசத்தின்ர. அப்ப அவர் ஒருத்தருக்கும் போடாமலும் இருக்கலாம், கொஞ்சப் பேருக்குப் போட்டும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது எண்டதை நான் இல்லை எண்டு சொல்லி, நோயில கிடக்கிற மனுசியை அழப்பண்ணிப்போட்டன். எனக்கு வெக்கமாக் கிடந்தது.

வேலை முடிஞ்சதும் கார் பார்க்கிலயே நிண்டு எடுத்தன். "அக்கா, நான் பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு முழுக்கச் சொன்னன்.

"அப்ப அவர் போட்டிருக்கிறாரோ?"

"தெரியாது."

"இதென்னடி கோதாரி! போடேல்லை எண்டு சொன்னாய். இப்ப தெரியாது எண்டுறாய்."

"தெரியாது எண்டதுதான் சரியான பதில், அக்கா. வெறுமையாக் கிடந்தால் ஆளிட்டயே கேக்கவேணும். இருபத்தொரு வருசமா நான் அதுதான் செய்யிறன். வியாழக்கிழமை போங்கோ. போய்க் கேளுங்கோ. கோபிச்சால் கோபிக்கட்டும். எங்கட ஆள் எண்ட மரியாதைக்காக உங்கட உசிரை விட ஏலாது."

அக்கா "ம்" எண்டா. நான் ரெண்டு கேள்வி எழுதி அனுப்பினன். என்ர வருத்தம் வந்தாக்கள் எத்தனை பேரை வருசத்தில பாக்கிறீங்கள்? நான் உங்கட தாய் எண்டால் என்னை ஆரிட்ட அனுப்புவீங்கள்? வாசிச்சிட்டா எண்டு நீலக் கோடு ரெண்டு விழுந்தது.

வியாழக்கிழமை வேலையில போனைக் கையுறைக்குள்ளயே வைச்சுக்கொண்டு நிண்டன். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்டேக்க அடிச்சுது.

"கேட்டனான்" எண்டா அக்கா.

எழுபது வயசில, வாழ்க்கையில முதல் தரமா, என்ர அக்கா ஒரு டொக்டரைக் கேள்வி கேட்டிருக்கிறா! அவர் பேனையைக் கீழ வைச்சிட்டாராம். "அம்மா, வருசத்தில ரெண்டு மூண்டு பேர்தான். அந்த ஊசி நான் போட்டிருக்கிறன், போடுவன். ஆனால் முதல் திட்டம் போடுறது, இந்த வருத்தத்தையே நெடுகலும் பாக்கிற ஒருத்தரா இருந்தால் நல்லம். என்ர தாயெண்டால் அங்கதான் அனுப்புவன்" எண்டாராம். அக்கா இருக்கத்தக்கதாவே பெரிய ஆஸ்பத்திரி ஒண்டில இருக்கிற ஒரு பொம்பிளை டொக்டருக்கு எடுத்துக் கதைச்சாராம். அந்தம்மா திட்டம் போடுவா, ஊசியை இவர் வீட்டுக்குக் கிட்டவே போடுவார். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் என்னை இப்பிடிக் கேட்டதில்லை. எல்லாரும் ஊரைத்தான் கேக்கிறவை" எண்டும் சொன்னாராம்.

போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ள ரெண்டு தரம் சுத்தி நடந்தன். அண்டைக்கு எனக்கு அக்காவை நினைக்க நெஞ்சு நிமிந்து நிண்டது. மனுசனுக்குச் சொன்னன். அவர் தன்ர தங்கச்சிக்குச் சொன்னார். வட்ஸப்பில திருப்பியும் கும்பிடுற படங்கள் வந்தது.

அந்தப் பொம்பிளை டொக்டரையும் பட்டியலில பாத்தன், பாக்காமல் விடுவனே? அவவின்ர பக்கத்தில மருந்து வரி ஒண்டுகூட இல்லை. இந்தமுறை வாயைத் திறக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குள்ள குடுக்கிற மருந்து ஆஸ்பத்திரியின்ர பெயரில போகும் எண்டு குறிப்பைப் படிச்சே தெரிஞ்சுகொண்டன்.

வசந்தம் பிறக்க நான் நியூ ஜெர்சி போனன். அக்கா மெலிஞ்சுபோனா, ஆனால் படி ஏறுறா, சமைக்கிறா, என்னை ஏசுறா. வருத்தம் அடங்கிக்கொண்டு வருது, முழுக்கப் போகாது, ஆனால் அடக்கி வைச்சிருக்கலாம் எண்டினம். ஊசி போடுற நாள் நானும் கூடப் போனன். டொக்டர் உள்ளுக்க வந்தார். அவ்வளவு நரைச்ச மனுசன் எண்டு நான் எதிர்பாக்கேல்லை. அக்கா கதிரையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிண்டா.

"டொக்டர், இது என்ர தங்கச்சி" எண்டா.

எஞ்சினியர் எண்டு வரப்போகுது எண்டு நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

"டென்மார்க்கில ஃபக்டரியில வேலை செய்யிறாள். காத்தாலை இறக்கையைத் தடவிப் பிழை பிடிக்கிறவள். இவளின்ர கைக்குத் தப்பி ஒண்டும் போகாது."

"தெரியும். என்னைக் கேள்வி கேட்ட அண்டைக்கே சொன்னீங்கள்" எண்டு டொக்டர் சிரிச்சார்.

எனக்குக் கண் நிறைஞ்சுது. அக்கா என்னைப் பாக்கேல்லை, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தா. டொக்டர் அக்காவின்ர ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து, என்ர பக்கம் திருப்பி வைச்சு, "அப்ப நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" எண்டார். மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரியாப் பாத்தன். ஆறுதலாத்தான் பாத்தன், ஒருத்தரும் அவசரப்படுத்தேல்லை. கடைசிக்கு முந்தின வரியில விரலை வைச்சன்.

"இந்தக் கட்டம் ஏன் வெறுமையாக் கிடக்கு?" எண்டு கேட்டன்.

"அது நாளைக்குத்தான் வரும்" எண்டார் டொக்டர்.

"பாத்தீங்களே, டொக்டர்!" எண்டா அக்கா.